வெள்ளைப் புள்ளி வைத்த ஐசி

நான் எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பு நோட்டுகளில், எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பக்கம்தான் பொய். படாளத்தில் ஏறிய ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று அதில் இருக்கிறது, அது உண்மை. மத்தியானம் சாப்பிட்டது தக்காளி சாதம், அதுவும் உண்மை. அதற்குக் கீழே, "பிராக்டிகல் நன்றாக முடிந்தது. குறிப்பிடும்படி வேறொன்றும் இல்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த இரண்டு வரிகளைச் சரிசெய்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேதியை மட்டும் சொல்லப் போவதில்லை. எதை எழுதினாலும் முதலில் தேதி போடுகிறவன் நான். ஆனால் இந்தத் தேதியைச் சொன்னால், அன்று தேர்வில் தோற்றவன் யார் என்று எங்கள் வகுப்பில் படித்த யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவனுக்கு நான் செய்தது போதும்.

நாங்கள் இருவரும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளிகளாக இருந்தோம். நான் படாளத்தில் விவசாயக் குடும்பம். அவன் கோவளத்தில் மீனவக் குடும்பம். இருவருக்கும் முப்பதைத் தாண்டியிருந்தது, இருவருக்கும் கல்யாணமும் ஆகியிருந்தது. டிப்ளமோ இருந்தால் நிரந்தர டெக்னீஷியன் பட்டியலில் பெயர் வரும் என்று சொன்னார்கள். அதை நம்பிச் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பகுதிநேரப் படிப்பில் சேர்ந்தோம். ஷிப்ட் முடிந்ததும் வகுப்பு. நான் ரயிலில் வீடு திரும்பிவிடுவேன். அவன் திருப்போரூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர வேண்டும்.

கடைசிப் பருவத்தில் ஆப்-ஆம்ப் ஆய்வகம் இருந்தது. ஆப்-ஆம்ப் என்பது எட்டுக் கால்கள் உள்ள, சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு கறுப்பு ஐசி, அதாவது மின்னணுச் சில்லு. அதற்கு இரண்டு உள்வழிகள். இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்று பெரிதாக இருந்தால் வெளிவழியை மேலே தூக்கிவிடும், மற்றது பெரிதாக இருந்தால் கீழே தள்ளிவிடும். இதோடு மூன்று ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தால் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சர்க்கியூட்டைச் செய்யலாம். அதுதான் ஆசிலேட்டர். வெளிவழியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் மின்சாரத்தால் மெல்ல நிரம்பும். மற்ற இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து ஓர் எல்லையை வைத்திருக்கும். கெப்பாசிட்டர் அந்த எல்லையைத் தொட்டதும் வெளிவழி கவிழும், எல்லையும் கீழே இறங்கிவிடும். இப்போது கெப்பாசிட்டர் வடியத் தொடங்கும். கீழ் எல்லையைத் தொட்டதும் மறுபடி எல்லாம் மேலே கவிழும். அலையைக் காட்டும் ஸ்கோப்பின் திரையில் சதுரம் சதுரமாக அலை வரும்.

இதைக் கணக்குப் போட்டு வடிவமைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. நொடிக்கு ஆயிரம் ஆட்டம் வேண்டும். எல்லை வைக்கும் ரெசிஸ்டர்களில் ஒன்று பத்து கிலோ ஓம், மற்றது பதினொன்று புள்ளி ஆறு. இந்த விகிதம் வைத்தால் சூத்திரத்தில் இருக்கும் லாக் (லாகரிதம்) சரியாக ஒன்று ஆகி மறைந்துவிடும். மிச்சம் வெறும் பெருக்கல்தான். கெப்பாசிட்டர் பாயிண்ட் ஒன் மைக்ரோ என்றால் மூன்றாவது ரெசிஸ்டர் ஐந்து கிலோ. பதினொன்று புள்ளி ஆறு கடையில் கிடைக்காது, பத்தோடு ஒன்றரையைச் சேர்த்துச் சமாளிப்போம். நான் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்து, சரியாக இருப்பதன் மேல் ஒயிட்னரால் ஒரு புள்ளி வைப்பேன். என் மீட்டர், என் குறடு, என் சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருக்கும். வகுப்பில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அவனுக்குச் சூத்திரம் ஏறவில்லை. மூன்று வாரம் விழித்தவன், ஒருநாள் திடீரென்று மேஜையைத் தட்டினான்.

"மச்சான், இது எங்க போட்டு கணக்கா கீதுடா! தண்ணி பூந்துகினே இருக்கும். முழங்கால் வரிக்கும் ஏறுச்சின்னா மொண்டு ஊத்துவோம். கணுக்கால் வரிக்கும் எறங்குச்சின்னா உக்காந்துக்குவோம். மறுபடி ஏறும், மறுபடி மொள்ளணும். இத்த தானடா இந்த ஐசியும் பண்ணிகினு கீது? இதுக்குப் போய் இன்னாத்துக்கு லாகு கீகெல்லாம்?"

"எங்க ஊர்ல மொண்டு ஊத்தறதுக்கு மோட்டார் கீதுடா" என்றேன்.

"கீதுடா. தண்ணி தான் இல்ல."

பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொன்னதை அவன் தன் படகில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் சொல்லிவிட்டான். அன்றைக்குப் பிறகு அவன் அந்தச் சர்க்கியூட்டைப் படம் பார்க்காமலே போட்டுக் காட்டினான். மற்ற பரிசோதனைகளில் தடுமாறுவான், இதில் தடுமாற மாட்டான். பரீட்சையில் சீட்டு எடுக்கும்போது இதுவே வரவேண்டும் என்று ஒரு வேண்டுதலும் வைத்திருந்தான்.

அவனுக்கு இந்த ஆய்வகம் முன்பே ஒருமுறை அரியர் விழுந்திருந்தது. அந்த மாதம் தேறினால் பட்டியலில் பெயர் வரும். அடுத்த பட்டியல் வரும்போது அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எனக்கு அவனைவிட ஒரு வயது குறைவு. ஆலையில் இடம் இருவருக்குமே இருந்தது. இதைச் சொல்லிவிட வேண்டும். போட்டியில் நான் அவனைத் தள்ளிவிடவில்லை. அப்படித் தள்ளியிருந்தால்கூட அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

தேர்வு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. அன்று அவன் வரவில்லை, ஆலையில் ஓவர்டைம். நான் தனியாக உட்கார்ந்து சர்க்கியூட் போட்டேன். நான் தவறே செய்யமாட்டேன் என்று வகுப்பில் பெயர். அன்று ஏழாம் காலுக்குப் போகவேண்டிய பிளஸ் வயரை நான்காம் காலிலும், மைனஸை ஏழிலும் சொருகிவிட்டு மின் சப்ளையைப் போட்டேன். சில நொடிகளில் ஒரு தீய்ந்த வாசனை. ஐசியைத் தொட்டேன், விரல் சுட்டது. வயரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். ஐசி செத்துவிட்டது.

எங்கள் ஆய்வகத்தில் ஐசிகளை ஒரு தெர்மாகோல் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்கள். லேப் அசிஸ்டென்ட் போகும்போது எண்ணிப் பார்ப்பார், எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். செத்த ஐசியை ஒப்புக்கொண்டால் உடைந்த பொருள் ரிஜிஸ்டரில் பெயர், பதிவு எண், காரணம் எல்லாம் எழுதி, துறைத் தலைவரிடம் நின்று கையெழுத்து வாங்க வேண்டும். அவர் காரணத்தை வகுப்பில் சத்தமாகப் படிப்பார். அதனால் எல்லாரும் செய்வது ஒன்றுதான். சுட்ட ஐசியைத் துடைத்து, அட்டையில் பழையபடி குத்திவிடுவார்கள். பிறகு எடுக்கிறவன் வேலை செய்யவில்லை என்றால் வேறு எடுத்துக்கொள்வான். ஆசிலேட்டர் ஆடவில்லை என்றால் முதலில் ஐசியை மாற்றிப் பார் என்பது எங்களுக்கு மனப்பாடம். அட்டையில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நானும் குத்தினேன். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை நானே இதை எடுத்துவிடக் கூடாதே என்று தோன்றியது. பையிலிருந்து ஒயிட்னரை எடுத்து, அதன் தலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். வேறு யாராவது எடுப்பார்களே என்று அந்த நேரத்தில் நினைத்தேனா? நினைத்தேன். அவர்கள் மாற்றிக்கொள்வார்கள் என்று எனக்கே பதில் சொல்லிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை சீட்டு எடுத்தோம். எனக்கு வேறு பரிசோதனை வந்தது. அவன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைத் தேடிக் கண்ணடித்தான். ஆசிலேட்டர்.

ஒவ்வொருவராகப் போய் அட்டையிலிருந்து ஐசி எடுத்தோம். அவன் எனக்கு முன்னால் நின்றான். எதையோ தேடுவதுபோல வரிசை வரிசையாகப் பார்த்தான், பிறகு ஒன்றைப் பிடுங்கினான். நான் பின்னால் நின்றதால் எது என்று தெரியவில்லை. என் மேஜையில் போய் உட்கார்ந்து கால்மணி நேரம் கழித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அவன் வயர் சொருகியிருந்த போர்டின் நடுவில், கறுப்பு ஐசியின் தலையில், என் வெள்ளைப் புள்ளி.

சரி, மாற்றுவான் என்று காத்திருந்தேன். மாற்றவில்லை. வயர்களைப் பிடுங்கினான், மறுபடி சொருகினான். ரெசிஸ்டரை மாற்றினான், கெப்பாசிட்டரை மாற்றினான், சப்ளையைச் சரிபார்த்தான், ஸ்கோப்பின் வயரைக்கூட மாற்றினான். ஐசியை மட்டும் தொடவில்லை. முதலில் மாற்ற வேண்டியதை ஏன் தொடமாட்டேன் என்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

என் வேலை முடிந்தது. கையெழுத்து வாங்கப் போகிற வழியில் அவன் மேஜை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவன் குனிந்தபடியே கிசுகிசுத்தான்.

"மச்சான், கோடு தான்டா வருது. அசையவே மாட்டேன்து."

"ஐசிய மாத்து." இரண்டு சொற்கள். சொல்லியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அவன் ஐசியைப் பிடுங்கிப் பார்ப்பான், என் புள்ளி என்று தெரிந்துகொள்வான், தெரிந்தே வைத்தேன் என்று புரிந்துகொள்வான். இது அவ்வளவும் ஒரு நொடிக்குள் எனக்குள் ஓடியது.

"வயரிங் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவன் வயரிங் பார்த்தான். மீதி இருந்த நேரம் முழுவதும் வயரிங் பார்த்தான்.

அலை வராவிட்டாலும் கிராஃப் தாளில் சதுர அலையை வரைந்து கொடுத்துவிடுவது எங்கள் வகுப்பில் சகஜம். பாதி பேர் அப்படித் தேறியவர்கள்தான். அவன் தாளை வெறுமையாகக் கொடுத்தான். ஏன் வரவில்லை என்று தேர்வாளர் கேட்டதற்கு, "என் வயரிங் தப்பு சார்" என்றானாம். எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறார். எந்தத் தப்பையும் அவனால் காட்ட முடியவில்லை.

முடிந்ததும் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு கடையில் டீ குடித்தோம். அவன் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சொன்னான்.

"எனுக்கு இந்தப் படிப்பு லாயக்கில்ல மச்சான்."

"ஐசி போயிருக்கும்டா" என்றேன். பாதித் துணிச்சல் அப்போதுதான் வந்தது.

"அத்தச் சொல்லாத. ஐசி நல்ல ஐசிடா. நீ பொட்டு வச்ச ஐசி. அத்தப் பாத்து தான் எடுத்தேன். சனிக்கெழம வந்து செக் பண்ணி வச்சிட்டுப் போயிருக்கான் நம்மாளு, தெய்வம்டா நீன்னு நெனச்சிகினேன். நல்ல ஐசிய கைல குடுத்தும் எனுக்கு ஆட்டத் தெரியல பாரு."

அவன் ஏன் ஐசியைத் தொடவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அந்த மேஜையில் இருந்த பொருள்களில் அவன் சந்தேகப்படாமல் விட்டது ஒன்றே ஒன்றைத்தான், அது நான் தொட்டது என்பதால். ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய இடம் அதுதான். "சப்ளி எழுதலாம்டா, ஒண்ணு தான பாக்கி" என்றேன். வீட்டுக்குப் போய் அந்த இரண்டு வரிகளை எழுதினேன்.

அவன் தேறவில்லை. பட்டியலில் என் பெயர் வந்தது. அவனுடைய ஒப்பந்தம் சில மாதங்களில் முடிந்தது. நானே இரண்டுமுறை போன் செய்து சப்ளிமெண்டரிக்குப் பணம் கட்டச் சொன்னேன். "மூளை இருக்கறவன் எழுதட்டும் மச்சான், வுடு" என்றான். பிறகு நான் போன் செய்வதை நிறுத்திக்கொண்டேன். நிறைய வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நான் வாசித்த கதைகளில் நண்பனுக்குத் துரோகம் செய்கிறவனுக்குப் பொறாமையோ ஆசையோ ஏதாவது ஒன்று இருக்கும். எனக்கு ரிஜிஸ்டரில் பெயர் வரக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனைத் தேடிப் போனேன். அவன் இப்போது மீன் வண்டி ஓட்டுகிறான். கோவளத்தில் ஐஸ் பெட்டிகளை ஏற்றி, மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குக் கொண்டுவந்து இறக்குகிறான். ஒரு ஓட்டலின் பின்கதவுப் பக்கம், அவன் பெட்டிகளை இறக்கி முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். தீய்ந்த வாசனை, புள்ளி, "வயரிங் பாரு" வரைக்கும். அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்போ என் சர்க்கியூட் கரெக்டா?"

அவன் போர்டை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் அந்தப் புள்ளியைத்தான்.

"தெர்லடா. கரெக்டா தான் இருந்திருக்கணும்."

"இருந்திருக்கணும்" என்று திருப்பிச் சொன்னான்.

அதற்காகவே பையில் ஒரு சின்ன போர்டு, புது ஐசி, ரெசிஸ்டர்கள், இரண்டு பேட்டரி, ஒரு குட்டி ஸ்பீக்கர் எல்லாம் கொண்டு போயிருந்தேன். எடுத்துக் காட்டினேன். இப்போதே போட்டுப் பார்க்கலாம், ஆடினால் சத்தம் கேட்கும் என்றேன்.

அவன் பைக்குள் எட்டிப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"வாணாம். வேல செஞ்சிதுன்னா உம்மேல கோவம் வரும். செய்லன்னா எம்மேல வரும். ரெண்டுமே வாணாம். நீ வண்டில ஏறு."

"எங்க?"

"எங்கிட்ட சொல்லிட்ட. சரி. வூட்ல கீறா இல்ல, அவகிட்ட சொல்லு. நான் மக்குன்னு இத்தினி வருசமா ஒத்துகினு கெடக்கறேன் அவகிட்ட."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரைக்கும் அவன் சாலையைப் பார்த்தே ஓட்டினான். காலிப் பெட்டிகள் பின்னால் முட்டிக்கொண்டே வந்தன. ஒருமுறை மட்டும், ஒரு சுற்றுலாப் பஸ் குறுக்கே வந்தபோது, "கண்ணு தெர்ல நாயே" என்று கத்தினான். பஸ்ஸைத்தான் திட்டினான்.

அவன் வீட்டுக்கு எதிரே தண்ணீர் லாரி நின்றிருந்தது. அவன் மனைவி நான்காவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எங்கள் படிப்புக் காலத்தில் அவளை இரண்டுமுறை பார்த்திருக்கிறேன். அடையாளம் தெரிந்து, "வாங்கண்ணா, இன்னா இவ்ளோ வருசம் கழிச்சி" என்றாள். டீ போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அவன் சுவரோரம் உட்கார்ந்து, "சொல்லு" என்றான்.

சொன்னேன். ஆசிலேட்டர் என்றால் என்ன என்பதை அவன் சொன்ன படகுக் கணக்கிலேயே சொன்னேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்தபடி நின்று கேட்டாள். முடித்ததும் அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீ மக்கு இல்லியா?"

"யாருக்குத் தெரியும்" என்றான் அவன்.

"நாலு பேருக்கு முன்னாடி சொல்லி இருக்கறேனேயா உன்ன. உங்க அண்ணன் முன்னாடி சொன்னேன்." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "சரிண்ணா, அந்த ஒண்ணு தான பாக்கி? இப்போ போயி எழுதலாமா? கம்பெனி வோணாம், அது போச்சி. அந்த சர்ட்டிபிகேட் இருந்தா வேற எங்கியாச்சும் கேக்கலாம் இல்ல?"

அவன் தலையைத் தூக்கினான். அன்று காலையில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தான்.

"எழுத முடியாதும்மா" என்றேன். "எங்க பேட்ச்சுக்கு அரியர் எழுதக் குடுத்த வருசமெல்லாம் முடிஞ்சிடுச்சி."

"எப்போ முடிஞ்சிது?"

"போன எக்ஸாமோட."

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான், யாரோ குடத்தை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்கள்.

"அது ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

கடைசி வாய்ப்பு என்ற அறிவிப்பு வந்த நாள், பணம் கட்டக் கடைசி நாள், தேர்வு நாள், எல்லாவற்றையும் நான் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் கடந்துபோகும்வரை காத்திருந்தேன். கடைசித் தேர்வு முடிந்த அன்று மனசுக்குள் ஒரு பாரம் குறைந்ததுபோல இருந்தது, இனி அவனுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கே பயம் வந்தது. அதனால்தான் வந்தேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவன் எழுந்து சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தடவினான். அடுத்த லோடுக்கு நேரமாகிறது என்று அவளிடம் சொன்னான், என்னிடம் சொல்லவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் டீயைக் குடிக்கவும் முடியாமல், வைத்துவிட்டு எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் மிச்சக் குடங்களை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாவது, ஆறாவது. பிறகு என் எதிரே வந்து குனிந்து, ஆடை கட்டியிருந்த டம்ளரை எடுத்துக்கொண்டுபோய், டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கழுவத் தொடங்கினாள்.